பி.ஐ.பி. கடிதம் வந்துவிட்டது: பேப்பர் போடுவதா, இருந்து பார்ப்பதா?

கேட்டவர் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது சரக்கு வாங்கும் பையரோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர். வயது 36. 2021 செப்டம்பர் 1-ல் சேர்ந்தவர். சம்பளம் 48,000, அதில் பேசிக் 24,000. ஆர்க்காட்டில் வீட்டுக்கடன் ஓடுகிறது. புது மேனேஜர் வந்து ஆறு மாதம் ஆகிறது. 2026 பிப்ரவரி 2-ம் தேதி 60 நாள் பி.ஐ.பி. (வேலைத் திறனை முன்னேற்றிக் காட்டச் சொல்லி வைக்கும் கெடு) என்று ஒரு கடிதம் கைக்கு வந்தது. அன்று மாலையே எச்.ஆர். கூப்பிட்டு, "இந்த மாதக் கடைசிக்குள் நீங்களே பேப்பர் போட்டுவிட்டால், அதாவது ராஜினாமா செய்துவிட்டால், ஒரு மாதச் சம்பளம் கூடுதலாகத் தருகிறோம், சர்டிபிகேட்டில் எதுவும் வராது" என்றாராம். "இருந்து அவமானப்படுவதைவிட இப்போதே போய்விடலாமா அண்ணா?" என்பதுதான் கேள்வி.

தம்பி, முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 22 வருடம் இந்தப் பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் பர்சனல் டிபார்ட்மென்டில் இருந்தவன். உங்கள் கைக்கு வந்த மாதிரிக் கடிதங்களை நானே டைப் அடித்திருக்கிறேன். "நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், உங்களுக்கு நல்லது" என்று மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொன்ன ஆளும் நான்தான். அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இந்தப் பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் பேப்பர் போடாதீர்கள். அந்த கம்பெனியிலேயே காலம் முழுக்க இருங்கள் என்று சொல்லவில்லை. அநேகமாக நீங்கள் கிளம்பத்தான் வேண்டியிருக்கும். ஆனால் எந்தத் தேதியில் கிளம்புகிறீர்கள் என்பதில்தான் உங்கள் பணம் இருக்கிறது. எச்.ஆர். சொன்ன தேதி அவர்களுக்கு வசதியான தேதி.

கணக்கைப் பாருங்கள். கிராஜுவிட்டிக்கு, அதாவது விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, ஐந்து வருடம் வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். நாலு வருடம் முடித்து, ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தால் அதுவும் முழு வருடம்தான் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் 1998-ல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 1972-ம் வருடத்துக் கிராஜுவிட்டி சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, 2025 நவம்பர் 21 முதல். தொடர் பணிக்கான 240 நாள் விளக்கம் அதிலும் அப்படியே இருக்கிறது. வாரம் ஐந்து நாள் மட்டும் ஓடும் இடமாக இருந்தால் 190 நாள் போதும். உங்கள் கம்பெனி சனிக்கிழமையும் ஓடும், அதனால் 240 என்றே வைத்துக்கொள்வோம்.

உங்கள் நாலாவது வருடம் 2025 ஆகஸ்ட் 31-ல் முடிந்தது. அங்கிருந்து 240-வது நாள் 2026 ஏப்ரல் 28. இது காலண்டர் நாள் கணக்கு. சம்பளத்தோடு எடுத்த லீவு சேரும். லாஸ் ஆஃப் பே போட்ட நாள் சேராது, அதைக் கழித்துவிடுங்கள். கணக்கில் சில நாள் குறைந்தாலும் அடிபடாமல் இருக்க, இன்னும் ஒரு மாதம் தள்ளி, மே கடைசியை உங்கள் கோடாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் என்ன கிடைக்கும்? 24,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் 69,230 ரூபாய் சொச்சம். ஆறு மாதத்துக்கு மேல் போன மீதி ஒரு முழு வருடமாகிவிடும் என்பதால்தான் இந்த ஐந்து. எச்.ஆர். தருகிறேன் என்றது ஒரு மாதம், 48,000. அதை வாங்கிக்கொண்டு பிப்ரவரியில் போனால் 69,000-ஐ விட்டுவிட்டுப் போகிறீர்கள், அதோடு இடையில் வரவேண்டிய மூன்று, நாலு மாதச் சம்பளத்தையும்.

இதில் ஒரு பள்ளம் இருக்கிறது. உங்கள் 60 நாள் பி.ஐ.பி. ஏப்ரல் 3-ல் முடிகிறது. அன்றே "சரியில்லை" என்று சொல்லி, நோட்டீஸ் காலத்துச் சம்பளத்தைக் கையில் கொடுத்து அன்று மாலையே அனுப்பிவிட்டால், உங்கள் சர்வீஸ் ஏப்ரல் 3-ல் நின்றுவிடும். அந்த 240-வது நாளுக்கே 25 நாள் இந்தப் பக்கம். நோட்டீஸ் இரண்டு மாதத்தை வேலையில் இருந்தபடி கழித்தால் ஜூன் முதல் வாரம் வரை போகும், கோடும் தாண்டிவிடும். அதனால் நீங்கள் பேரம் பேச வேண்டியது பணத்துக்காக இல்லை, ரிலீவிங் தேதிக்காக, அதாவது உங்களை வேலையிலிருந்து விடுவிக்கும் தேதிக்காக. "எனக்கு அந்தக் கூடுதல் ஒரு மாதம் வேண்டாம் சார், நோட்டீஸை முழுசாக ரோலில், வேலையில் இருந்தபடியே முடிக்கிறேன், மே 31 என்று எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். பல இடங்களில் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது சண்டை இல்லாமல் ஒரு நாற்காலி காலியாவது. சிலர் 240 நாள் கணக்கை ஒத்துக்கொள்ள மாட்டோம், ஐந்து வருடம் என்றால் ஐந்து வருடம்தான் என்பார்கள். அப்போது தொழிலாளர் துறையில் கிராஜுவிட்டிக்கு என்றே இருக்கும் அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். அலையத்தான் வேண்டும், ஆனால் ஜெயிக்கக்கூடிய மனு.

சரி, இப்போது கடிதத்துக்கு வருவோம். பி.ஐ.பி. என்று ஒரு சொல் நம் தொழிலாளர் சட்டம் எதிலும் கிடையாது. அது கம்பெனியின் உள் வழக்கம். சில சமயம் நிஜமாகவே ஒருவரைத் தூக்கி நிறுத்தப் போடுவார்கள். பல சமயம் முடிவை எடுத்துவிட்டு, பிறகு அதற்குக் காகிதம் சேர்க்கப் போடுவார்கள். எது என்று எப்படித் தெரியும்? நீங்கள் மெர்ச்சண்டைசர், பையர் அனுப்பும் ஸ்பெக் ஷீட்டைப் படிக்கத் தெரிந்தவர். அதே கண்ணோடு இந்தக் கடிதத்தைப் படியுங்கள். ஹீல் உயரம் இத்தனை மில்லிமீட்டர், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று பையர் எழுதினால் அவர் சரக்கை வாங்கப் போகிறார். "லுக் சரியில்லை, ஃபீல் வரவில்லை" என்று எழுதினால் ஆர்டரை ரத்து பண்ண வழி தேடுகிறார்.

நீங்கள் அனுப்பிய கடிதத்தில் நாலு அம்சம் இருக்கிறது. பையர் மெயிலுக்கு அன்றே பதில், சாம்பிள் ஏழு நாளில் என்ற இரண்டும் அளக்கக்கூடியவை, உங்கள் கையில் இருப்பவை. மூன்றாவது, ஷிப்மென்ட் 95 சதவீதம் சொன்ன தேதியில் போக வேண்டும் என்பது. இது உங்கள் கையில் இல்லை. டேனரியிலிருந்து லெதர் ஷேடு மாறி வந்தாலும், கட்டிங்கில் ஆள் வராவிட்டாலும், சோல் சப்ளையர் இழுத்தடித்தாலும் ஷிப்மென்ட் தள்ளும். நாலாவது, "ஓனர்ஷிப் மனப்பான்மை வேண்டும்". இதை எந்த ஸ்கேல் வைத்து அளப்பார்கள்? இந்தக் கடைசி இரண்டும் எப்போது வேண்டுமானாலும் தோற்கடிக்கக் கூடியவை. என் அனுபவத்தில், அப்படி எழுதப்பட்ட கடிதம் முடிவு எடுத்த பிறகு எழுதப்பட்டது.

இன்னொன்றையும் யோசியுங்கள். அமெரிக்கா 2025 ஆகஸ்ட் கடைசியில் 50 சதவீத வரி போட்ட பிறகு ஆம்பூர், ராணிப்பேட்டை எல்லாம் எப்படித் தவித்தது என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் டெஸ்க்கில் அமெரிக்க பையர் எத்தனை பேர்? ஆர்டர் குறைந்ததால் ஆளைக் குறைப்பது என்றால் அது ஆட்குறைப்பு. தொழிலாளி என்ற வரையறைக்குள் வருகிறவருக்கு அதில் ஒரு மாத நோட்டீஸ், வருடத்துக்கு 15 நாள் சம்பளம் என்று நஷ்ட ஈடு தர வேண்டும். "திறமை போதவில்லை" என்று எழுதிவிட்டால் அந்தச் செலவு மிச்சம். நீங்களே ரிசைன் பண்ணிவிட்டால் இன்னும் மலிவு. உங்களோடு வேறு யாருக்கெல்லாம் கடிதம் வந்திருக்கிறது என்று மெதுவாக விசாரியுங்கள். ஒரே டெஸ்க்கில் மூன்று பேருக்குத் திடீரென்று ஒரே வாரத்தில் திறமை குறையாது.

இனி கடிதம் நிஜமானதாக இருந்தால்? உங்கள் பக்கமும் பார்க்க வேண்டுமல்லவா. போன சீசனில் உங்கள் ஆர்டர் ஏதாவது ஏரில் போனதா? கப்பலில் போக வேண்டிய சரக்கு தாமதமாகி விமானத்தில் போனால் அந்த ஆர்டரின் லாபம் மொத்தமும் கரைந்துவிடும், முதலாளி அதை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். அது உங்கள் ஃபாலோ-அப் விட்டுப்போனதால் என்றால், மேனேஜரிடம் அதை நேராக ஒத்துக்கொண்டு, என்ன மாற்றினேன் என்று காட்டுங்கள். நான் பார்த்து, பி.ஐ.பி.யிலிருந்து மீண்டு அதே இடத்தில் சீனியர் ஆனவர்களும் உண்டு. அவர்கள் எல்லோரும் முதல் பத்து நாளில் பேச்சை மாற்றியவர்கள். ஐம்பதாவது நாள் அழுதவர்கள் யாரும் மீளவில்லை.

இருப்பது என்று முடிவு பண்ணிவிட்டால், இருக்கும் விதம் ஒன்று இருக்கிறது. கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். "பெற்றுக்கொண்டேன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். "ஏற்றுக்கொள்கிறேன்" என்று எழுதாதீர்கள், அச்சடித்திருந்தால் அடித்துவிட்டு எழுதுங்கள். இந்த ஒரு சொல்லுக்காகவே நான் ஒரு தடவை திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு சூப்பர்வைசர் அப்படி அடித்துவிட்டு எழுதிக் கொடுத்ததை நான் வாங்கி வைத்துவிட்டேன் என்று. அப்புறம் இரண்டு நாளுக்குள் ஒரு மெயில் போடுங்கள், கோபமில்லாமல்: முதல் இரண்டு அம்சத்தை இப்படிச் செய்யப் போகிறேன், மூன்றாவதில் என் பங்கு எது, கட்டிங், பர்ச்சேஸ் பங்கு எது என்று பிரித்துக் கொடுங்கள், நாலாவதை எப்படி மதிப்பிடுவீர்கள். பதில் வராது, பரவாயில்லை. ஒவ்வொரு வாரமும் ரிவ்யூ முடிந்ததும் அன்று மாலையே "இன்று பேசியது" என்று நாலு வரி மெயில். ரிவ்யூவே நடக்கவில்லை என்றால் "இந்த வாரம் ரிவ்யூ நடக்கவில்லை, எப்போது வைக்கலாம்" என்று ஒரு வரி. ரிவ்யூவைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறார்கள் என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

பழைய அப்ரைசல் காகிதம், இன்கிரிமென்ட் லெட்டர், அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பளச் சீட்டு எல்லாவற்றுக்கும் வீட்டில் நகல் இருக்கட்டும். ஆனால் பையரின் விலைப்பட்டியல், காஸ்டிங் ஷீட், பேட்டர்ன் எதையும் உங்கள் சொந்த மெயிலுக்கு அனுப்பாதீர்கள். ஆதாரம் சேர்க்கிறேன் என்று ஒரு பையன் கம்பெனி ஃபைலை எல்லாம் பென் டிரைவில் ஏற்றி, திறமைக் குறைவு என்று ஆரம்பித்தது திருட்டுக் குற்றச்சாட்டாக முடிந்தது. இரவில் வாட்ஸாப் குரூப்பில் மேனேஜரைப் பற்றிப் புலம்புவதும் வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் காலையில் எச்.ஆர். மேஜையில் இருக்கும். எனக்கு அப்படி எத்தனையோ வந்திருக்கிறது.

அழுத்தம் ஏறும். ஒரு நாள் ரூமுக்குள் உட்கார வைத்து, வெள்ளைத் தாளையும் பேனாவையும் நீட்டுவார்கள். "வீட்டில் பேசிவிட்டு நாளைக்குச் சொல்கிறேன் சார்" என்று எழுந்து வாருங்கள். அந்த ரூமில் எழுதிய ராஜினாமா கட்டாயத்தில் எழுதியது என்று பிறகு நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். தப்பித் தவறி எழுதிக் கொடுத்துவிட்டால், அவர்கள் ஏற்றுக்கொண்டோம் என்று கடிதம் தருவதற்கு முன்பே, முடிந்தால் அன்று இரவே, "திரும்பப் பெறுகிறேன்" என்று மெயிலும் ரிஜிஸ்டர் தபாலும் அனுப்பிவிடுங்கள்.

கேஸ் போடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் முதலில் நீங்கள் சட்டத்தின் கண்ணில் தொழிலாளியா என்று பார்க்க வேண்டும். சம்பளத் தொகையோ பதவிப் பெயரோ மட்டும் அதை முடிவு செய்யாது. நிர்வாக அதிகாரம் உள்ளவரும், மேற்பார்வை வேலையில் மாதம் 18,000-க்கு மேல் வாங்குகிறவரும் வெளியே போய்விடுவார்கள். உங்களுக்குக் கீழே இருப்பவரின் லீவு ஃபாரத்தில் நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்களா? அவருக்கு இன்கிரிமென்ட் சிபாரிசு செய்கிறீர்களா? இல்லை, நாள் முழுக்க மெயில், சாம்பிள், ஃபாலோ-அப்தான் என்றால், அது எழுத்து வேலையும் தொழில்நுட்ப வேலையும்தான் என்று வாதாட இடம் இருக்கிறது. சென்னையில் 2015-ல் வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு ஐ.டி. பொறியாளருக்கு, அவர் மேனேஜர் நிலையில் இருந்தவர் என்று கம்பெனி வாதாடியும், தொழிலாளர் நீதிமன்றம் அவரைத் தொழிலாளியாக ஏற்று மறுபடி வேலை கொடுக்கச் சொன்னது. எந்த வருடம்? 2022. ஏழு வருடம். வேலூரிலேயே தொழிலாளர் நீதிமன்றம் இருக்கிறது, சென்னைக்கு அலைய வேண்டாம் என்பது ஒரு ஆறுதல். ஆனாலும் வீட்டுக்கடன் கட்டுகிற, வேறு வேலை கிடைக்கக்கூடிய 36 வயது ஆளுக்கு நான் கேஸை முதல் வழியாகச் சொல்ல மாட்டேன். கேஸ் போடக்கூடிய அளவுக்குக் காகிதம் உங்களிடம் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிந்தால் போதும், அந்த மே 31 தேதி சீக்கிரம் கிடைக்கும்.

அதனால் இன்றே வேலை தேட ஆரம்பியுங்கள். பி.ஐ.பி. முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் தொழில் சின்ன ஊர் மாதிரி. மேல்விஷாரத்தில் காலையில் தும்மினால் வாணியம்பாடியில் மத்தியானம் தெரிந்துவிடும். எனவே பயோடேட்டாவை எல்லோருக்கும் அனுப்பாமல், உங்களோடு நேராக வேலை செய்த பையிங் ஏஜென்ட் இரண்டு பேர், பழைய சோல் சப்ளையர் ஒருவர் என்று வாயால் சொல்லி வையுங்கள். தோலை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்கவும் வேண்டாம். செய்யாறு சிப்காட் பக்கம் தோல் இல்லாத ஸ்போர்ட்ஸ் ஷூ தொழிற்சாலைகள் வந்து வருடங்கள் ஆகின்றன, பனப்பாக்கத்திலும் அந்தத் தொழில் வருகிறது. சிந்தெட்டிக் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) வேறு உலகம்தான், ஆனால் பையர் மெயிலும் டெலிவரி தேதியும் அங்கேயும் அதேதான்.

ஆஃபர் கைக்கு வந்துவிட்டால் ஏப்ரல் 3 ரிவ்யூவுக்கு முன்பே பேப்பர் போடுங்கள், நோட்டீஸை ரோலில் இருந்தபடி கழியுங்கள். புது கம்பெனி ஃபாரத்தில் "இதற்கு முன் பணிநீக்கம் செய்யப்பட்டதுண்டா" என்ற கட்டத்தில் இல்லை என்று உண்மையாக எழுதலாம். அந்த ஒரு விஷயத்தில் எச்.ஆர். சொன்னது சரி, பணிநீக்கத்தைவிட ராஜினாமா நல்லது. ஆஃபரே வரவில்லை என்றால் மார்ச் கடைசி வாரம் நீங்களே போய் அந்தத் தேதிப் பேச்சை எடுங்கள். ராஜினாமாக் கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக" என்று எழுத வேண்டாம், "இத்தனாம் தேதியோடு பணியிலிருந்து விலகுகிறேன்" என்று ஒரே வரி போதும். அதற்கு முன்னால், ரிலீவிங் தேதி, லீவு சம்பளம், கிராஜுவிட்டி, ரிலீவிங் லெட்டர் நாலும் எச்.ஆர். மெயிலில் இருந்து வந்திருக்க வேண்டும். வாயால் சொன்னது கணக்கில் இல்லை. சம்பள பாக்கி, விலகிய இரண்டு வேலை நாளுக்குள் தர வேண்டும் என்பது இப்போது சட்டம். "செட்டில்மென்டுக்கு 45 நாள் ஆகும்" என்கிற பழைய பாட்டைப் பாடினால் அதைச் சொல்லிக் காட்டுங்கள். கிராஜுவிட்டிக்கு மட்டும் 30 நாள். பி.எஃப்.ஐ எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என்.னில் (உங்கள் பி.எஃப். எண்) புது இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருடம் சேர்ந்தால்தான் பென்ஷன், உங்களுக்கு அது பாதி தூரம்கூட ஆகவில்லை.

ஒரு விதிவிலக்கு. தூக்கம் போய், ரத்த அழுத்தம் ஏறி, சிப்காட் கேட்டைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றால் இந்த 69,000 கணக்கை எல்லாம் தூக்கிப் போட்டுவிட்டுப் போய்விடுங்கள். அதேபோல, பொய்யான டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள் என்றாலும். மற்றபடி அவமானம் என்று நீங்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. ஆனால் மதியச் சாப்பாட்டில் பக்கத்தில் உட்காராமல் போகிறவர்கள் உங்களை வெறுப்பதால் போகவில்லை, அடுத்த கடிதம் தனக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் போகிறார்கள்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்குச் சி.எம்.சி.யில் கண்புரை ஆபரேஷன் மே மாதம் வைத்திருக்கிறேன் என்றீர்களே, அதை மார்ச்சுக்கு முன்தள்ள முடியுமா என்று கேளுங்கள். கம்பெனி குரூப் இன்சூரன்ஸ் பொதுவாகக் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அந்த பாலிசியில் அம்மா பெயர் இருக்கிறதா என்று நாளைக்குக் காலையில் முதல் வேலையாகப் பாருங்கள், பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.